ஸ்கெட்ச் புக் நிறையுது, டிசைன் வளரேல்லை: பத்திக் சாறிக்குக் கொப்பி எப்படி வைக்கிறது?

வெள்ளவத்தை_நூல்
வணக்கம். டிசைன் டிப்ளோமா இரண்டாம் வருசம், எடுத்த பாடம் பத்திக் (துணியில மெழுகு வைச்சு, மெழுகில்லாத இடத்தில சாயம் ஏத்திறது). ஏ4 கம்பிச்சுருள் கொப்பி, 0.1 ஃபைன்லைனர், போஸ்டர் கலர் பாவிக்கிறன். ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் படமா வடிவா வருது. ஆனா ஒரு பக்கத்தில இருக்கிற யோசனை அடுத்த பக்கத்துக்குப் போகேல்லை. துணியில போட்டா கோடு தடிக்குது, நிறமும் வேற. இந்த மழைக்குப் பக்கங்களும் ஒண்டோட ஒண்டு ஒட்டுது. கொப்பியை எப்படிப் பாவிக்கலாம்? எந்தத் தாள் நல்லம்?

மெழுகும்_சாயமும்
தங்கச்சி, 0.1 பேனையை முதலில் ஒதுக்கி வையுங்கோ. மெழுகில் 2 மிமீக்குக் குறைந்த கோட்டை ஒரே சீராக இழுப்பது பழகுபவர்களுக்குக் கஷ்டம். கொப்பியில் மயிர்போல ஓடும் கோடு துணியில் தடிக்கத்தான் செய்யும். விவரப் படத்தைக் கால் அளவில் (1:4) 0.5 பேனையால் கீறினால், அந்தக் கோடு துணியில் 2 மிமீ. அதைவிட மெல்லிய பேனையைக் கொப்பிக்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

முழுச் சாறிக்கு 1:20. 5.5 மீற்றர் நீளம் 27.5 செமீ ஆகும், 1.1 மீற்றர் அகலம் 5.5 செமீ ஆகும். ஏ5 கொப்பியை விரித்தால் குறுக்கே 29.6 செமீ. ஒரு விரிப்பில் மூன்று சாறி ஒன்றின் கீழ் ஒன்றாக அடங்கும். அதற்காகவே ஏ4ஐ விட ஏ5 நல்லம். மூன்றிலும் ஒரே மோட்டிஃபை (திரும்பத் திரும்ப வரும் உருவை) வையுங்கோ, ஒன்றை மட்டும் மாற்றுங்கோ: முதலாவதில் கரை 10 செமீ (படத்தில் 5 மிமீ), அடுத்ததில் 20, மூன்றாவதில் கரையே இல்லை, முந்தானை மட்டும். யோசனை நகராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒரே பக்கத்தில் பூவும் மாறுகிறது, நிறமும் மாறுகிறது, இடமும் மாறுகிறது. பிறகு எது சரிவந்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லை. பக்கத்தின் மேலே கேள்வியை எழுதுங்கோ: "கரை எவ்வளவு அகலம்?" கீழே விடையையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கோ. அந்த விடைதான் அடுத்த பக்கத்தின் தொடக்கம். வடிவான படத்துக்கு வேறு கொப்பி வைத்துக்கொள்ளலாம்.

நிறம் பிசகுவது போஸ்டர் கலரால். அது கீழே உள்ளதை மூடிவிடும், சாயம் மூடாது. மஞ்சளின் மேல் சிவப்பு ஏறினால் செம்மஞ்சள், அதன் மேல் நீலம் ஏறினால் கபிலம். தோய்த்துச் செய்யும் இந்த வரிசையில் தூய நீலம் வரவே வராது, பிரஷ்ஷால் தனியாகத் தீட்டினாலொழிய. ஆகவே நீர்வர்ணம் எடுங்கோ, வெளிறிய நிறத்தில் தொடங்கி ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததைப் போடுங்கோ. பக்கத்து ஓரத்தில் 1, 2, 3 என்று சாய வரிசையையும், ஒவ்வொன்றுக்கும் முன் எந்த இடத்துக்கு மெழுகு என்பதையும் குறியுங்கோ. அதை எழுத முடியாவிட்டால் அந்த டிசைனைத் துணியிலும் செய்ய முடியாது.

கட்டுமட்டை
தாளையும் கட்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) போட்டோகொப்பித் தாள் பேனைக்குப் போதும், நீர் பட்டால் அலையலையாக எழும்பும். கொப்பி 120 முதல் 160 வரை இருக்கட்டும். நிறச் சோதனையை 300 ஜிஎஸ்எம் நீர்வர்ணத் தாளில் 4 செமீ அகலக் கீற்றுகளாகச் செய்து, காய்ந்த பின் ஒட்டுங்கள்.

துணித் துண்டு ஒட்டினால் கொப்பி வயிறு ஊதி முதுகு பிளக்கும். தையல் கட்டுக் கொப்பி என்றால் நாலு தாளுக்கு ஒன்றை, முதுகில் 1 செமீ விட்டு வெட்டி எடுங்கள். துண்டு வரப்போகும் இடம் அதுதான். கம்பிச்சுருளில் இந்தப் பிரச்சினை குறைவு, ஆனால் விரிப்பின் நடுவில் துளைகள் வருவதால் மேலே சொன்ன 1:20 சாறி இரண்டாகப் பிளந்து நிற்கும்.

கோதுமை மாப் பசை வேண்டவே வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு நல்ல சாப்பாடு. செலோடேப் காலப்போக்கில் மஞ்சளாகிக் கறை விடும். பைண்டர் கம்மைத் துண்டின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள், துணியைத் தூக்கிப் பின்பக்கமும் பார்க்கலாம். பத்திக்கில் பின்பக்கம் முக்கியம், மெழுகு ஊடுருவியதா என்பது அங்கேதான் தெரியும்.

பக்கம் ஒட்டுவது போஸ்டர் கலரின் பசையால். கொழும்பு ஈரப்பதத்தில் அது இளகும். நிறம் பூசிய பக்கங்களுக்கிடையே ஒயில் பேப்பர் வையுங்கள். கொப்பியை பொலித்தீன் பைக்குள் மூடி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும்.

புறக்கோட்டை_கோடு
எனக்குக் கட்டிய கொப்பியில் உடன்பாடில்லை. உதிரித் தாளைச் சுவரில் பரப்பினால் இருபது யோசனையையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். தாளின் மூலையில் திகதியும் இலக்கமும் இருந்தால் போதும்.

வெளியே போகும்போது மட்டும் ஏ6 கொப்பியும் போல்பொயின்ட் பேனையும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளிவாசலை முழுதாகக் கீற நிற்காதீங்க, நாட்டாமிமார் (மூட்டை தூக்குபவர்கள்) வண்டி தள்ளிக்கொண்டு வருவாங்க! சிவப்பு வெள்ளைப் பட்டை எந்த விகிதத்தில் மாறுது, வளைவில் அது எப்படித் திரும்புது, அவ்வளவையும் எழுதிக்கொண்டு வாங்க. வீட்டில் அந்தப் பட்டையை மட்டும் வைத்து 4 க்கு 6 செமீ பெட்டிகள் பன்னிரண்டு. முதல் நாலைந்தும் பள்ளிவாசல் மாதிரியே இருக்கும். அதற்குப் பிறகுதான் உங்கட சாமான் வரத் தொடங்கும்.

வெள்ளவத்தை_நூல்
மிக்க நன்றி. இன்னொண்டு: மோட்டிஃபைத் தொடர் கோலமா அடுக்கினா இணைப்புக் கோடு தெரியுது. ட்ரேசிங் பேப்பரில செய்தும் பொருந்தேல்லை.

மெழுகும்_சாயமும்
ட்ரேசிங் பேப்பர் ஈரக்காற்றில் விரியும், அதை நம்ப வேண்டாம். சாதாரண 10 செமீ சதுரத் தாளின் நடுவில், விளிம்பைத் தொடாமல் கீறுங்கோ. நெடுக்கே நடுவால் வெட்டி, இடதையும் வலதையும் இடம்மாற்றிப் பின்பக்கம் டேப் போடுங்கோ. பிறகு குறுக்கே வெட்டி, மேலையும் கீழையும் மாற்றுங்கோ. இப்போது விளிம்புகள் பொருந்தும், நடுவில் வெற்றிடம் தெரியும். அதை நிரப்பும்போதும் விளிம்பைத் தொடக்கூடாது. ஹாஃப் ட்ராப் (பக்கத்து நிரல் பாதி உயரம் கீழிறங்கி வரும் அடுக்கு) வேண்டுமென்றால் நெடுக்கு வெட்டின் பின் இடம்மாறிய இரு பாதிகளில் ஒன்றை மட்டும் குறுக்கே வெட்டி மேல்கீழ் மாற்றுங்கோ.

ஒன்பது பிரதி போட்டோகொப்பி எடுத்து மூன்றுக்கு மூன்றாக ஒட்டி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கோ. இணைப்புத் தெரியாவிட்டாலும் வெள்ளை ஆறு மாதிரி வெற்றுக் கோடு ஓடினால் நடு நிரப்பல் போதாது.