பரவற்படியா, விலக்கவர்க்கமா?

> புள்ளியியலில் variance என்பதற்குப் பாடநூலில் இருக்கும் பரவற்படியையே வைத்துக்கொள்வோமே?

ஐயா, பாடநூலில் இருப்பது ஒரே சொல் இல்லையே. பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரி, மேல்வகுப்பில் பரவற்படி, இலங்கையில் மாறற்றிறன். "ஈருறுப்புப் பரவலின் பரவற்படி" (binomial distribution-இன் variance) என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பரவல் எது என்று குழம்பிவிடும். அப்புறம் அந்தப் 'படி'. கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற எழுத்தர், "அகவிலைப்படி மாதிரியா? நிலுவை எப்போது?" என்றார்!

சொல்லைத் தேடும் முன் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை, அந்த விலக்கங்களின் வர்க்கங்களைச் சராசரியெடுத்துச் சொல்வது அது. இங்கே முட்டைகோஸ் நாற்று விடுவது 98 குழித்தட்டில், குழிக்கு ஒரு விதை. முளைக்கும் வாய்ப்பு 0.9 என்று வைத்துக்கொண்டால் சராசரி 88.2 நாற்று. ஒரு குழியின் variance, முளைக்கும் வாய்ப்பையும் முளைக்காத வாய்ப்பையும் பெருக்கினால் வருவது: 0.9 × 0.1 = 0.09. குழிகள் ஒன்றையொன்று பாதிக்காதவரை அப்படியே கூட்டலாம்: 98 × 0.09 = 8.82. திட்ட விலக்கம் (standard deviation) அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 2.97.

இரண்டு தட்டு வைத்தால் 8.82 இருமடங்காகி 17.64. திட்ட விலக்கமோ 4.2தான், 5.94 ஆகாது. 1918இல் புள்ளியியலாளர் ஃபிஷர் இந்த வர்க்க அளவுக்குத் தனிப்பெயர் வைத்ததும் இப்படிக் கூட்ட வருகிறது என்பதால்தான். (தட்டின் ஓரத்தில் நீர் தேங்கினால் பக்கத்துக் குழிகளும் சேர்ந்தே அழுகும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.)

ஆகவே சொல்லில் வர்க்கம் தெரிய வேண்டும், வாயிலும் நுழைய வேண்டும். பத்தாம் வகுப்புச் சொல் பெயரல்ல, வரையறை. அதன் வாலை நறுக்கி விலக்கவர்க்கம் என்கிறேன்.

> ஒரே ஒரு மதிப்பின் விலக்கத்தை வர்க்கப்படுத்தினாலும் அதுதானே பெயர்? சராசரி எங்கே போயிற்று?

நியாயமான கேள்வி, அம்மா. அதை "விலக்கத்தின் வர்க்கம்" என்று பிரித்து எழுதலாம். முழுத் தீர்வு இல்லைதான். ஆனால் திட்ட விலக்கத்தில் சராசரியும் வர்க்கமூலமும் பெயரில் இல்லாமலே பழகிவிட்டோமே.

நேற்று நாற்றங்கால்காரரிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். பரவற்படிக்குச் சும்மா தலையாட்டினார். விலக்கவர்க்கம் என்றதும், "எதிலிருந்து விலக்கம், சார்?" என்றார்.

88.2இலிருந்து என்றேன்.