தேர்மோஸ்ரற்றைக் கழற்றிய பின்னும் வான் சூடேறுகிறது: எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லையா?

சுன்னாகம் வான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பானியப் பெற்றோல் வான் ஒன்று இருக்கிறது. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் போய்வரும் அளவில் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஆனால் ஏ9 வீதியில் ஆனையிறவைக் கடந்து 70 கிலோமீற்றர் வேகத்தில் தொடர்ந்து ஓடினால், சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடும். இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் காட்டியபோது, "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை, குளிர் நாட்டுக்காரருக்கு வைச்ச சாமான்" என்று சொல்லி, என்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டார்கள். அதன் பிறகு காலை ஓட்டத்தில் முள் அடியிலேயே கிடக்கிறது, பெற்றோலும் கூடுதலாகச் செலவாகிறது; நீண்ட ஓட்டத்தில் சூடேறுவதோ நிற்கவில்லை. தண்ணீர் குறைவதில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே விட்டு வருகிறேன். விடயம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கொக்குவில் கராஜ்:

தம்பி, தேர்மோஸ்ரற் என்ஜினைக் குளிராக்குவதற்கு வைத்த பொருளன்று; என்ஜினை அதற்குரிய சூட்டில் நிறுத்தி வைப்பதற்கு வைத்த பொருள். யாழ்ப்பாணத்து நண்பகல் 33 பாகையாக இருந்தாலும், 85 முதல் 95 பாகை வரையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட என்ஜினுக்கு அதுவும் குளிர்தான். ஆகவே இது எந்த நாட்டு வெயிலோடும் தொடர்புடைய விடயமன்று.

தேர்மோஸ்ரற்றிலுள்ள சிறிய பித்தளைக் குமிழுக்குள் ஒரு வகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தண்ணீர் அந்தப் பாகையை அடையும்போது மெழுகு உருகி விரிந்து, உள்ளிருக்கும் தண்டைத் தள்ளி, சுருள்வில்லின் இறுக்கத்தை வென்று வால்வைத் திறக்கிறது. அதுவரை தண்ணீர், அதை ஆற்றும் றேடியேற்றருக்குப் போகாமல், பைபாஸ் என்ற குறுக்கு வழியாகத் திரும்பி என்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். திறந்த பின்னரும் அது ஒரே நிலையில் நிற்பதில்லை. சூட்டுக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் திறந்து, ஏறத்தாழ 95 பாகையில்தான் முழுமையாகத் திறக்கும்.

இனி, கழற்றிய பின்னும் ஏன் சூடேறுகிறது என்பதற்கு வருகிறேன். பல ஜப்பானிய என்ஜின்களில் தேர்மோஸ்ரற்றின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழிறங்கி பைபாஸின் வாயை அடைத்துவிடும். அப்போதுதான் முழுத் தண்ணீரும் றேடியேற்றருக்குள் போகும். தேர்மோஸ்ரற்றைக் கழற்றினால் அந்த வாயை அடைப்பதற்கு எதுவும் இல்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலேயே மீண்டும் என்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கும். காலையில் தேவையில்லாமல் குளிராகவும், ஏ9 இல் தேவைக்கு அதிகமாகச் சூடாகவும் உங்கள் வான் ஓடுவதற்கு இந்த ஒரு செயலே போதும்.

பெற்றோல் செலவும் இதனால்தான் கூடுகிறது. தண்ணீர் குளிராக இருப்பதாகச் சென்சர் தெரிவிக்க, என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று கருதி கம்பியூட்டர் கூடுதலான பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவர்களில் வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் உங்கள் மூல வருத்தம் தேர்மோஸ்ரற்றைக் கழற்றுவதற்கு முன்னரே இருந்திருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். வேகமாக ஓடும்போது காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அப்போதும் சூடேறுகிறதென்றால் தண்ணீர் றேடியேற்றருக்குள் தடையில்லாமல் ஓடவில்லை என்பதே முதல் சந்தேகம். நீங்கள் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். தேநீர்க் கேத்தலின் உட்புறத்தில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும், என்ஜினின் உட்சுவரிலும், தேர்மோஸ்ரற்றின் மெழுகுக் குமிழிலும் படிகிறது. குமிழில் படிந்தால் மெழுகுக்குச் சூடு தாமதமாகவே எட்டும். வால்வும் பிந்தியே திறக்கும்.

வடமராட்சி ஓய்வாளர்:

கொக்குவில் தம்பி எழுதியது முழுக்கச் சரி. தேர்மோஸ்ரற்றைக் கழற்றும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பழைய கார்களில் இருந்த தேர்மோஸ்ரற் மெழுகால் ஆனதன்று. ஆவியாகும் திரவம் அடைத்த, மடிப்புகளுள்ள உலோகக் குழல். அதைக் கழற்றினாலும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றரைத் திருகிச் சமாளித்துக்கொள்ளலாம். மொறிஸ் மைனர் 1000 காரில்கூட, கழற்றுபவர்களில் விபரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் ஓர் உலோக வளையத்தைச் செருகுவார்கள்; பைபாஸ் துளையை மறைப்பதற்காகவே அது. வளையம் மறந்துபோய், கழற்றும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராற் செய்து, என்ஜின் நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடு போதாவிட்டால் அது ஆவியாகாமல் வெண்புகையைக் கக்கும். என்ஜினுக்குச் சூடும் ஓர் உணவு என்பதை அந்த நாட்களில் கண்ணால் கண்டவன் நான்.

சுன்னாகம் வான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கராஜில் கழற்றிய பழைய தேர்மோஸ்ரற் என்னிடமே இருக்கிறது. அதை மீண்டும் போடலாமா? இனி எந்தத் தண்ணீரை விட வேண்டும்?

கொக்குவில் கராஜ்:

போடுவதற்கு முன்னர் வீட்டிலேயே சோதியுங்கள். ஒரு பானைத் தண்ணீரில், அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியையும் வைத்து அடுப்பில் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் பாகைக்கு ஓரிரு பாகை முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். ஆறும்போது முழுமையாக மூட வேண்டும். பிந்தித் திறந்தாலோ பாதியில் நின்றாலோ எறிந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள். பூட்டும்போது அதன் விளிம்பிலுள்ள சிறிய ஆடும் ஊசி மேற்பக்கமாக இருக்கட்டும். அடைபட்ட காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

றேடியேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கிய பின், காய்ச்சி வடித்த நீரையும், உறைவையும் துருவையும் தடுக்கும் திரவமான கூலன்ற்றையும் சம அளவில் கலந்து விடுங்கள். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை என்று சிலர் சொல்வார்கள். துரு பிடிக்காமல் காப்பதற்கும் கூலன்ற் வேண்டும். றேடியேற்றர் மூடியின் றப்பரையும் பாருங்கள். அழுத்த அளவாக 0.9 என்று பொறித்த நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை வரையில் கொதிக்காது. மூடி தளர்ந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கையே வைக்கக் கூடாது என்கிறேன். திறந்த கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து முகத்தில் பாயும்.

சுன்னாகம் வான்:

பழைய தேர்மோஸ்ரற் 95 பாகை தாண்டியும் திறக்கவில்லை. குமிழ் முழுவதும் சுண்ணாம்பு படிந்து வெளுத்திருந்தது. றேடியேற்றரின் மேல் தொட்டியைத் திறந்தபோது குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டிருந்தது. எல்லாவற்றையும் துப்புரவாக்கி, புதிய தேர்மோஸ்ரற் பூட்டி, நேற்று ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை சென்று தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும் முள் அரைவாசிக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நின்றது.