அகால் தக்த் அரசியல் தலைவர்களைத் தண்டிப்பது சரியா?

பொருநைச்செல்வன் எழுதியது:

2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்த அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமிர்தசரஸ் பொற்கோயில் வாசலில் சுக்பீர் சிங் பாதல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீல நிறச் சேவாதார் (கோயில் தொண்டர்) உடை, கையில் ஈட்டி, கழுத்தில் பலகை. பஞ்சாபின் துணை முதல்வராக இருந்தவர், சிரோமணி அகாலி தளத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். நீதிமன்றமோ தேர்தல் ஆணையமோ அவரை அங்கே உட்கார வைக்கவில்லை. சீக்கியர்களின் உச்ச மத பீடமான அகால் தக்த் அழைத்தது, அவர் போனார்.

டிசம்பர் 2 அன்று எல்லோர் முன்னிலையிலும் அதன் தலைவரான ஜதேதார் கேள்வி கேட்டார். சீக்கிய மதத்தை நிந்தித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட, தேரா சச்சா சௌதா மடத்தின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு 2015-ல் மன்னிப்பு வாங்கிக் கொடுத்தது, அதே ஆண்டு பர்காரி கிராமத்தில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப்பின் பக்கங்களைக் கிழித்து வீசியவர்களைப் பிடிக்காமல் விட்டது என்று 2007 முதல் 2017 வரை நடந்த அகாலி ஆட்சியின் தவறுகளை ஒவ்வொன்றாகக் கேட்க, சுக்பீர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். முன்னாள் அமைச்சர்கள் கழிவறை கழுவினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். காலில் அடிபட்டிருந்ததால் இவருக்கு வாசல் காவல். இறந்துபோன அவருடைய அப்பா பிரகாஷ் சிங் பாதலுக்கு முன்பு கொடுத்திருந்த 'ஃபக்ர்-ஏ-கௌம்' (சமூகத்தின் பெருமை) பட்டத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. இந்திய மக்கள்தொகையில் சீக்கியர்கள் 2011 கணக்குப்படி 1.72 விழுக்காடுதான். 1984 நவம்பரில் டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்குகளில் ஒன்றில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018 டிசம்பரில். அரசின் நீதி 34 வருடம் கழித்து வந்து சேர்ந்த ஒரு சமூகம், தன் தலைவர்களையாவது தானே நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் இடம் வைத்திருக்க வேண்டாமா? தந்தை குரு அர்ஜன் முகலாயர் காவலில் உயிர்விட்ட 1606-லேயே குரு ஹர்கோபிந்த் அகால் தக்தை நிறுவினார். இடுப்பில் இரண்டு வாள் கட்டினார், மீரி ஒன்று, பீரி ஒன்று. உலகத்து அதிகாரமும் ஆன்மிகமும் ஒரே ஆளிடம் பதில் கேட்கும் என்பதுதான் அதன் பொருள். மகாராஜா ரஞ்சித் சிங்கே அகாலி பூலா சிங் முன் முதுகைத் திறந்து கசையடிக்கு நின்றார் என்று சொல்வார்கள். வேறு எந்தச் சிறுபான்மையிடம் இப்படி ஒன்று இருக்கிறது?

மதுரை கலைவாணி எழுதியது:

நண்பரே, படம் உருக்கமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜதேதாரை நியமிப்பது யார்? எஸ்.ஜி.பி.சி., அதாவது குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி. அதில் பெரும்பான்மை யாருக்கு? பல ஆண்டுகளாக அகாலி தளத்துக்கு. அப்படியானால் கட்சி கமிட்டியை நடத்துகிறது, கமிட்டி ஜதேதாரை வைக்கிறது, ஜதேதார் கட்சித் தலைவரை விசாரிக்கிறார். விசாரிக்கப்படுகிறவரே நீதிபதிக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார்.

நீங்கள் சொல்லும் 2015 மன்னிப்பையே எடுத்துக்கொள்வோம். அதைக் கொடுத்ததும் இதே அகால் தக்த்தான். செப்டம்பரில் கொடுத்தார்கள், மக்கள் கொதித்ததும் அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் ஒன்பது வருடம் அதற்காக யாரையும் கூப்பிடவில்லை. எப்போது கூப்பிட்டார்கள்? 2017 தேர்தலில் அகாலி தளம் 117-ல் 15 இடத்துக்கு வந்து, 2022-ல் வெறும் 3 இடத்துக்குச் சுருங்கிய பிறகு. வாக்காளர்கள் கீழே தள்ளிய பிறகு தக்த் கை நீட்டியது. ஆட்சியில் இருந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் வணங்கியிருப்பேன்.

இன்னொன்று. டிசம்பர் 4 அன்று அதே வாசலில் ஒருவர் துப்பாக்கியை எடுத்தார். மஃப்டியில் இருந்த போலீஸ்காரர் கையைத் தட்டிவிட்டதால் சுக்பீர் பிழைத்தார். பாவி என்று மேடையில் நிறுத்தினால், தண்டனையை முடித்துவைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று நினைப்பவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அந்த ஆபத்தையும் கணக்கில் எடுங்கள்.

லூதியானா லதா எழுதியது:

கலைவாணி அக்கா, நீங்கள் சொல்லும் தேதிகள் எல்லாம் சரி. இங்கே என் மாமியார் வீட்டில் அந்த இரண்டு நாளும் டிவி அணையவே இல்லை. ஒரு விஷயம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பாத்திரம் தேய்ப்பது இங்கே அவமானம் இல்லை. ஞாயிறு காலையில் குருத்வாராவின் செருப்பு வைக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். டாக்டர், கடை முதலாளி, ஓய்வுபெற்ற கர்னல் எல்லாம் தரையில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் தண்டிக்கவில்லை, அவர்களாக வந்தவர்கள். தன்கையா, அதாவது மத நெறி மீறியவர் என்று அறிவிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதும் இதே வேலைதான். தவறு செய்தவனை வெளியே தள்ளாமல், எல்லோரும் செய்கிற வேலைக்குள் திரும்பக் கொண்டுவருகிறார்கள். முடிந்ததும் அர்தாஸ் என்ற பிரார்த்தனை சொல்லி, கடா பிரசாதம் (கோதுமை அல்வா) காணிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சிறைக்குப் போய் வந்தவனுக்கு இப்படி ஒரு வாசல் எங்கே இருக்கிறது?

துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள் சுக்பீர் சேவையை நிறுத்தவில்லை. ஆனந்த்பூரில் இன்னொரு தக்தான கேஸ்கட் சாஹிப் போனார், மீதி நாட்களையும் முடித்தார். அவர் அரசியலை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. பர்காரிக்காக நியாயம் கேட்டுப் பேஹ்பல் கலானில் உட்கார்ந்திருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டு இருவர் செத்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இருந்தும் அவர் அங்கே உட்கார்ந்து கீர்த்தனை கேட்டபோது மாமியார் அழுதார். அந்த அழுகையைக் கட்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பொருநைச்செல்வன் எழுதியது:

நான் சொல்ல வந்ததை லதா என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். தேர்தல் ஒரு தலைவரைத் தோற்கடிக்கும், ஆனால் அவர் வாயிலிருந்து "ஆமாம், நாங்கள் செய்தது தவறு" என்ற சொல்லை வாங்காது. இந்த நாட்டில் எத்தனை முன்னாள் ஆட்சியாளர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

நியமன விஷயத்திலும் ஒன்று யோசியுங்கள். கமிட்டி நியமித்த ஜதேதார்தான் கமிட்டியை ஆளும் கட்சிக்கு எதிராக டிசம்பர் 2-ல் தீர்ப்பு சொன்னார். சம்பளம் வாங்குகிறவர் என்பதால் வாயடைத்து நிற்கவில்லை.

மதுரை கலைவாணி எழுதியது:

அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தீர்ப்பில் பங்குகொண்ட தம்தமா சாஹிப் என்ற இன்னொரு தக்தின் ஜதேதார் கியானி ஹர்பிரீத் சிங்கை 2025 பிப்ரவரியில் நீக்கினார்கள். மார்ச் 7 அன்று அகால் தக்த் ஜதேதார் கியானி ரக்பீர் சிங்கையே நீக்கினார்கள். நீக்கியது எஸ்.ஜி.பி.சி. செயற்குழு. ஏப்ரலில் சுக்பீர் மறுபடி கட்சித் தலைவர். தீர்ப்பு சொன்னவர்களின் வேலை போனது, தண்டனை பெற்றவரின் நாற்காலி திரும்ப வந்தது. நான்கே மாதத்தில் முடிந்த கதை.

லதா, உங்கள் மாமியாரின் கண்ணீரை மதிக்கிறேன். அந்தக் கண்ணீரின் மதிப்பைத் தெரிந்தவர்கள்தான் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதே என் கோபம். சேவை ஒருவரை மாற்றலாம், சரி. பத்து வருட ஆட்சிக்கு அதுவே கணக்கு முடித்த ரசீது ஆகக் கூடாது. பேஹ்பல் கலான் வழக்கு நீதிமன்றத்தில்தான் முடிய வேண்டும், குருத்வாராவில் எல்லோருக்கும் சோறு போடும் லங்கர் சமையற்கட்டில் இல்லை.

நாகூர் ரஹீம் எழுதியது:

நான் சீக்கியன் இல்லை, ஆனால் சிறுபான்மையாக வாழ்கிறவன் என்பதால் ஒரு கேள்வி. மதமும் அரசியலும் பிரிந்திருக்க வேண்டும் என்ற அறிவுரை எப்போதும் எங்களைப் போன்றவர்களுக்கே முதலில் வருகிறது. குருத்வாராக்களில் அரசு கை வைக்காத காலம் என்று ஒன்று இருந்ததா? பஞ்சாபைப் பிடித்த பிறகு பிரிட்டிஷார்தான் பொற்கோயிலுக்கு நிர்வாகியை வைத்தார்கள். அப்படி வந்த அரூர் சிங், ஜாலியன்வாலா பாக் நடந்த 1919-ல் ஜெனரல் டயருக்கே சிரோபா என்ற மரியாதை ஆடை போர்த்தி மரியாதை செய்தார். பிரிட்டிஷாரை எதிர்த்துப் புரட்சிக்குக் கிளம்பிய 'கதர்' (Ghadar) இயக்கத்தினர் சீக்கியர்களே இல்லை என்று அறிவிக்கவும் இதே அமைப்புகளைப் பயன்படுத்தினார்கள். சமூகத்தின் கையில் இல்லாவிட்டால் தக்த் காலியாக இருக்காது, அரசின் கைக்குப் போய்விடும். கலைவாணி அம்மாவின் வாதம் நடைமுறையில் அங்கேதான் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுகிறேன்.

பொருநைச்செல்வன் எழுதியது:

ரஹீம் பாய் சொன்னதற்கு மேல் ஒரு தகவல். அரசு ஆதரித்த மஹந்துகள் என்ற கோயில் நிர்வாகிகளிடமிருந்து குருத்வாராக்களை மீட்க 1920 முதல் 1925 வரை நடந்தது அப்பட்டமான அகிம்சைப் போராட்டம். 1921 பிப்ரவரியில் நன்கானா சாஹிப்பில் மஹந்தின் அடியாட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். அடுத்த ஆண்டு குரு கா பாக்கில் நாள்தோறும் ஒரு ஜதா (தொண்டர் அணி) போய், போலீஸ் தடியடியைத் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டு விழுந்தது. படைவீரர் மரபில் வந்தவர்கள், முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். அந்த மன உறுதி நாமஜெபத்திலிருந்து வந்தது. 1925 குருத்வாரா சட்டமும் வாக்குரிமையும் அப்படிக் கிடைத்தவை. பெண்களுக்கும் அதில் வாக்கு உண்டு.

செம்பரிதி எழுதியது:

தோழர்களே, 1920 என்று சொல்கிறீர்கள், அந்த அக்டோபர் 12-ல் என்ன நடந்தது என்பதை மட்டும் தாண்டிப் போகிறீர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து அமிர்தம் எடுத்துச் சீக்கியரானவர்கள் பொற்கோயிலுக்குக் கடா பிரசாதம் கொண்டுபோனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். கடைசியில் குரு கிரந்த் சாஹிப்பைத் திறந்து பார்க்க, வந்த வரி அவர்களுக்குச் சாதகமாக இருந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. பிறகு எல்லோரும் அகால் தக்துக்குப் போனபோது அங்கிருந்த பூசாரிகள் விட்டுவிட்டு ஓடினார்கள். காலியான தக்தை அடியார் கூட்டமான சங்கத் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் எஸ்.ஜி.பி.சி. பிறந்தது. தலித் சீக்கியர்கள் கொண்டுபோன ஒரு தட்டுப் பிரசாதத்திலிருந்து தொடங்கிய அமைப்பு இது.

இன்று? பஞ்சாபில் தலித் மக்கள் 2011 கணக்குப்படி 31.94 விழுக்காடு, இந்தியாவிலேயே அதிகம். எத்தனையோ ஊர்களில் நிலவுடைமைச் சாதியான ஜாட்களின் குருத்வாரா தனி, தலித்துகளான மஸபி சீக்கியர் குருத்வாரா தனி, சுடுகாடும் தனி. 2003-ல் ஜலந்தர் பக்கம் தல்ஹனில், குருத்வாரா நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதற்காகத் தலித்துகளை ஊர்விலக்கம் செய்தார்கள். குரு ரவிதாஸின் பாடல்கள் குரு கிரந்த் சாஹிப்பிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் அவருடைய அடியார்களில் ஒரு பகுதியினர் 2010-ல் தனி மதம், தனி நூல் என்று அறிவித்துப் பிரிந்தார்கள். ராம் ரஹீம் பின்னால் பஞ்சாபின் மால்வா பகுதியில் அத்தனை பேர் ஏன் போனார்கள்? அந்த ஆளின் குற்றங்கள் நிரூபிக்கப்பட்டவை, அவருக்கு நான் பரிந்து பேசவில்லை. போனவர்களில் பெரும்பகுதி எந்தச் சாதி என்று பாருங்கள், குருத்வாராவில் அவர்களுக்குக் கிடைக்காதது என்ன என்று விளங்கும். சாதி பார்த்த ஒரு கிராமத் தலைவரைத் தன்கையா என்று அறிவித்துச் செருப்புத் துடைக்க வைக்கட்டும் அகால் தக்த். அன்று அதன் தீர்ப்பை நானும் தலைமேல் வைப்பேன்.

சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்று ஒன்று உண்டு. டெல்லியிடம் உரிமை கேட்கும்போது எல்லோரும் பந்த், அதாவது ஒரே சீக்கியச் சமூகம், கமிட்டியில் இடம் கேட்கும்போது சாதி.

லூதியானா லதா எழுதியது:

செம்பரிதி அண்ணா எழுதியதை இங்கே யாரும் மறுக்க முடியாது. எங்கள் ஊர்க் கிராமங்களிலேயே இருக்கிறது. பெண்கள் பொற்கோயில் கருவறையில் கீர்த்தனை பாட இன்னும் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்கு 1925-லேயே கிடைத்தது, பாட இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தீர்வு அந்த இடத்தைக் கைவிடுவது இல்லை. 2020-ல் டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்களே, அவர்களுக்குச் சோறு போட்டது லங்கர். அடுப்படியில் எல்லாச் சாதிக் கையும் இருந்தது. நிர்வாகக் குழுவுக்கு வெளியே இந்த மதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மதுரை கலைவாணி எழுதியது:

ரஹீம் பாய், அரசிடம் கொடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. சங்கத், அதாவது அடியார்களிடம் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். எஸ்.ஜி.பி.சி. பொதுக்குழுவில் 170 பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். அவர்களுக்கான தேர்தல் கடைசியாக நடந்தது 2011 செப்டம்பரில். ஐந்து வருடப் பதவிக்காலம் எப்போதோ முடிந்த ஒரு சபைதான் 2025-ல் ஜதேதார்களை வைத்து நீக்கி விளையாடியது. 2023-ல் புதிய வாக்காளர் பதிவு தொடங்கினார்கள், தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். தேர்தலை நடத்துவது மத்திய அரசின் பொறுப்பு. தாமதத்தால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் டெல்லிக்கும் உண்டு, பாதல்களுக்கும் உண்டு.

முதலில் தேர்தல் நடக்கட்டும். ஜதேதாரை நியமிக்கவும் நீக்கவும் எழுதிவைத்த விதி வரட்டும். செயற்குழுவில் நாலு பேர் கூடி நீக்க முடியாதபடி பதவிக்காலம் நிச்சயிக்கப்படட்டும். அதற்குப் பிறகு தக்த் யாரை அழைத்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன்.

பொருநைச்செல்வன் எழுதியது:

இந்த மூன்றிலும் எனக்கு உடன்பாடுதான். வாக்காளர் யார் என்பதில் மட்டும் நாம் பிரிவோம் என்று நினைக்கிறேன். முடி வெட்டிக்கொள்ளும் சஹஜ்தாரிகளுக்கு வாக்கு வேண்டாம் என்பதே என் நிலை. இவ்வளவு சிறிய சமூகம், எல்லையைத் தளர்த்தினால் வெளியிலிருந்து எந்தக் கட்சியும் ஆட்களைச் சேர்த்துக் கமிட்டியைப் பிடித்துவிடும்.

மதுரை கலைவாணி எழுதியது:

அந்தத் தடை எப்படி வந்தது என்று பாருங்கள். 2003-ல் மத்திய அரசின் ஓர் அறிவிக்கையால் சஹஜ்தாரிகளின் வாக்கு போனது. உயர்நீதிமன்றம் 2011-ல் அதை ரத்து செய்தது. 2016-ல் நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தி மறுபடி பறித்தது. அகாலி தளம் அன்று மத்திய ஆட்சியில் பங்காளி. வெளியார் தலையீட்டுக்கு அஞ்சுகிறவர்கள், தம் சொந்த வாக்காளர்களைக் குறைக்க நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள்.

லூதியானா லதா எழுதியது:

பொருநை அண்ணா, என் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டவன். காலையில் ஜப்ஜி சாஹிப் பிரார்த்தனை சொல்லாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டான், லங்கருக்கு மாவு பிசைவதில் அவனை அடிக்க ஆள் இல்லை. அவனுக்கு வாக்கு இல்லை. சின்னவன் தலைப்பாகை கட்டுகிறான், குருத்வாராப் பக்கம் போவதே அபூர்வம். பதிவு அலுவலகத்தில் அவனிடம் படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். எல்லை வேண்டும் என்கிறீர்கள், சரி. எங்கள் வீட்டுக்குள் அதை எங்கே போடுவீர்கள்?