கேனான் ஏ520: பேட்டரி நிக்கல, கார்டு எடுக்கல, வெயில்ல படம் வெளுக்குது

வைகை_வடகரை:
வணக்கம். மதுரை திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில கேனான் பவர்ஷாட் ஏ520 டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கேன். 4 மெகாபிக்சல், ரெண்டு ஏஏ பேட்டரி போடுற மாடல். தெரு, மார்க்கெட், வீட்டுப் படம்னு தினசரி எடுக்கத்தான். பிரச்சனை நாலு:
பெட்டிக்கடையில வாங்குன புது பேட்டரி போட்டாலும் சில படத்துலயே தீந்துபோச்சுன்னு காட்டுது.
8 ஜிபி கார்டு போட்டா எரர்.
ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி கேக்குது.
நாயக்கர் மஹால் தூணெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா விழுது, கோடு கூடத் தெரியல.
கேமராவே போச்சா, இல்ல சரி பண்ணலாமா?

பழைய_லென்ஸ்:
கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. நாலுக்கும் காரணம் வேற வேற.

பெட்டிக்கடை பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்தான் சரி. லென்ஸை மோட்டார் வெளிய தள்ளும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போதும் கேமரா ஒரே மூச்சுல நிறைய கரண்டை இழுக்கும். அந்த பேட்டரியால அதைக் குடுக்க முடியாது, வோல்டேஜ் சட்டுனு சரியும், உள்ள சக்தி மிச்சம் இருந்தாலும் கேமரா தீந்துபோச்சுன்னு முடிவு பண்ணிடும். அதையே எடுத்துக் கடிகாரத்துல போட்டுப் பாருங்க, மாசக்கணக்கா ஓடும். ஆல்கலைன் கொஞ்சம் தாங்கும், ஆனா கட்டுபடியாகாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் வாங்குங்க, 2000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்குற அளவு) கிட்ட, சும்மா வெச்சாலும் சார்ஜ் இறங்காத வகை. எனிலூப்ங்குற பிராண்ட் மாதிரி. 1.2 வோல்ட்னு போட்டிருக்கேன்னு பயப்பட வேணாம், கேமரா கரண்டை இழுக்கும்போதும் அது அந்த வோல்டேஜை விடாமப் பிடிக்கும். நாலு வாங்கி ரெண்டு ரெண்டு ஜோடியா மார்க்கரால குறிச்சுக்குங்க. ஒரு ஜோடியில பழசையும் புதுசையும் கலந்தா பழசு முதல்ல காலியாகி மத்ததையும் இழுத்துட்டுப் போயிடும்.

அதுக்கு முன்னாடி பேட்டரி மூடிக்குள்ள இருக்குற தகடுகளைப் பாருங்க. மங்கலா இருந்தா பென்சில் ரப்பரால தேய்ங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா பழைய ஆல்கலைன் கசிஞ்சிருக்கு. காது குடையுற பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாறுல லேசா நனைச்சுத் துடைச்சு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால ஒரு தடவை துடைச்சுக் காய விடுங்க. சொட்டச் சொட்ட நனைக்காதீங்க.

கார்டு: இது 2005 மாடல். 4 ஜிபி முதல் 32 ஜிபி வரை வர்ற எஸ்டிஹெச்சி வகை 2006ல வந்ததுதான், இதுக்குப் புரியாது. 8 ஜிபியைக் கம்ப்யூட்டர்ல 2 ஜிபியா ஃபார்மேட் பண்ணுனாலும் வேலைக்காகாது, ஏன்னா கார்டுக்குள்ள இடத்தை எண்ணுற முறையே வேற. 1 ஜிபி சாதா எஸ்டி கார்டு தேடுங்க. வாங்குனதும் கேமராவுலயே ஃபார்மேட் பண்ணுங்க. படம் ஒண்ணு சுமார் 2 எம்பின்னா நானூறு, ஐநூறு படம் ஏறும்.

தேதி கேக்குறது சின்னப் பட்டன் செல் தீந்ததால. இந்த வரிசையில பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள்ளயேதான் இருக்கும். பழைய செல் மேலயே நம்பர் இருக்கும், அதையே வாச்சுக் கடையில கேளுங்க.

தெப்பக்குளம்_ஓரம்:
வெளுக்குறதுக்கு: டயலை ஆட்டோவுல வெச்சிருந்தா வெளிச்ச அளவை மாத்தவே விடாது. டயல்ல P எழுத்துக்குத் திருப்பி வைங்க. ஃபங்க்/செட் (FUNC./SET) பட்டனை அழுத்துனா எக்ஸ்போஷர், அதாவது அந்த வெளிச்ச அளவு வரும், மைனஸ் 2/3 வைங்க. உச்சி வெயில்ல வெள்ளைத் தூண்னா மைனஸ் 1. படம் பதியுற இந்த சின்ன சென்சார்ல வெளுத்துப்போன இடத்தைத் திருப்பி எடுக்கவே முடியாது, இருட்டானதை ஓரளவு ஏத்திக்கலாம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்குற அளவு) 50 இல்லேன்னா 100. 400 வெச்சா சொரசொரன்னு இருக்கும்.

சிவப்புதான் இன்னும் மோசம். சுங்குடிச் சேலையை வெயில்ல விரிச்சு எடுத்தீங்கன்னா வெள்ளைப் புள்ளியைச் சுத்தி இருக்குற முடிச்சுச் சுருக்கமெல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டா வரும். நிழலுக்குக் கொண்டுபோங்க, மைனஸ் 2/3.

பழைய_லென்ஸ்:
ஆள் முகத்துக்கு மட்டும் இதை அப்படியே போடாதீங்கண்ணே. வெயில் முதுகுப்பக்கம் இருந்தா மைனஸ்ல முகம் கரியாயிடும். ஃபிளாஷைக் கட்டாயம் எரியுற மாதிரி வெச்சு ரெண்டு மீட்டருக்குள்ள நின்னு எடுங்க.

தெப்பக்குளம்_ஓரம்:
சரிதான், நான் சொன்னது கட்டடத்துக்கும் துணிக்கும்.

மேலமாசி:
ஒண்ணு சேத்துக்குறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் மாதிரி ஆள் நகர்ந்துக்கிட்டே இருக்குற இடத்துல பட்டனை ஒரே அமுக்கா அமுக்குனா நீங்க பாத்தது விழாது. பாதி அமுக்கி ஃபோகஸ் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருங்க, ஆள் வந்ததும் முழுசா அமுக்குங்க. வெயில்ல திரை தெரியாது, அதை அணைச்சுட்டு மேல இருக்குற கண்ணாடித் துவாரத்துல பாருங்க, பேட்டரியும் மிச்சம். ஒரு மீட்டருக்குள்ள இருக்குற பொருளுக்கு மட்டும் திரைதான். துவாரம் காட்டுற இடமும் லென்ஸ் பாக்குற இடமும் தள்ளித் தள்ளி இருக்கும்.

சந்தையில இன்னொண்ணு வாங்குற எண்ணம் இருந்தா சொந்த பேட்டரி, கார்டோட போங்க. மெனு நல்லாத் தெரிஞ்சு, படம் மட்டும் ஊதாவா, கோடு கோடா, இல்ல கறுப்பா இருந்தா சென்சார் உள்கம்பி விட்டுப்போச்சு. 2005 வாக்குல சூட்டுலயும் ஈரத்துலயும் பல கம்பெனி கேமராவுக்கு இது வந்து இலவசமா மாத்திக் குடுத்தாங்க. இப்ப யாரும் மாத்தித் தர மாட்டாங்க, வெச்சுட்டு வந்துடுங்க. எதையும் நீங்களே கழட்டவும் வேணாம். ஃபிளாஷ் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் கிட்ட நிக்கும், பேட்டரி எடுத்த பிறகும்.

வைகை_வடகரை:
ரொம்ப நன்றிண்ணே. தகடு தேச்சதும் திரை நின்னு எரியுது. 1 ஜிபி கார்டு கிடைச்சது, ஆனா கார்டு பூட்டியிருக்குன்னு காட்டுதே?

மேலமாசி:
கார்டு இடது ஓரத்துல சின்னத் தள்ளுகட்டை இருக்கும். தங்க நிறத் தகடு இருக்குற முனையைப் பாத்து நகத்தால தள்ளிட்டுப் போடுங்க.