பூட்டட் கதிர்க்குருவியா, சைக்ஸ் கதிர்க்குருவியா? சரசாலையில் கண்டது

வடலிக்கரை:
வணக்கம். யாழ்ப்பாணத்துச் சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம், கண்டலை ஒட்டின முள்ளுப்பற்றையில ஒரு கதிர்க்குருவி. மேல மண்நிறம், கீழ மங்கல் வெள்ளை, வாலின்ர ஓர இறகில வெளிறின கரை. மேல்கொப்பிலயே திரிஞ்சுது, நிலத்துக்கு இறங்கவேயில்லை. படம் இருக்கு. புத்தகத்தில பூட்டட்டும் சைக்ஸும் ஒரே மாதிரித் தெரியுது. எதை வைச்சுப் பிரிக்கிறது?

தீவகத்தான்:
தம்பி, முதல்ல பிளைத் நாணல் கதிர்க்குருவியைக் கழிச்சுப்போடுங்கோ. மாரியில எங்கட வேலிகளுக்குள்ள 'டக், டக்' எண்டு கத்துறது அநேகமா அதுதான். அதின்ர வால்நுனி வளைவு, வெளிறின கரை கிடையாது, வாலடி இறகும் (வாலின்ர அடியைக் கீழ்ப்பக்கம் மூடுற இறகு) நீளம். மற்ற இரண்டுக்கும் வால்நுனி சதுரம், வாலடி இறகு குட்டை.

பிறகு சொண்டு. கீழ்ச்சொண்டு முழுக்க வெளிறி, நீளமாயும் இருந்தால் சைக்ஸ். சொண்டு சின்னனாய், கீழ்ச்சொண்டின்ர நுனியில கருமை இருந்தால் பூட்டட். புருவக்கோட்டையும் பாருங்கோ: பூட்டட்டுக்கு அது கண்ணைத் தாண்டிப் போகும், மேல மெல்லிய கருங்கரையும் தெரியும். சைக்ஸின்ர முகம் வெறுமை, கோடு கண்ணடியிலயே மங்கிப்போகும்.

நிறத்தை நம்பாதேங்கோ. காலை வெயிலில எல்லாம் மண்நிறம்தான்.

நெய்தல்:
பழைய புத்தகமெண்டால் சைக்ஸைத் தனியாத் தேடாதேங்கோ தம்பி. 1832இல சைக்ஸ் எண்ட ஆங்கிலேய அதிகாரி தக்காணத்துப் பறவையாய் அதை விவரிச்சவர், ஆனால் பிறகு கனகாலம் பூட்டட்டின்ர உள்ளினமாய்த்தான் வைச்சிருந்தவை. பூட்டட் ரஷ்யா, கசகஸ்தான் புல்வெளிப் பற்றைகளில கூடு கட்டுறது. சைக்ஸ் மத்திய ஆசியா, ஈரான் பக்கம். வளைகுடாக் கரையில கண்டலுக்குள்ளயே கூடு கட்டும். அதால கண்டலோரம் நிண்டது எனக்குப் புதினமில்லை.

வடலிக்கரை:
நன்றி அண்ணை, அக்கா. பெருப்பிச்சுப் பாத்தன். கீழ்ச்சொண்டில கருமை இல்லை. புருவம் கண்ணோட நிக்குது. வால் மட்டும் கலங்கல்.

தீவகத்தான்:
சைக்ஸ் பக்கம்தான் சாயுது. மேல்கொப்பில திரிஞ்சதும் பொருந்துது. பூட்டட் தாழ்வாய், நிலத்திலயும் இரை தேடும். ஆனால் நேர் வெயிலில சொண்டுநுனிக் கருமை படத்தில விழாமல் போகும். மப்பு நேரம் பாத்து, கீழயிருந்து சொண்டும் வாலடியும் தெரிய இன்னொரு படம் எடுங்கோ. அதுவரைக்கும் 'இரண்டில ஒண்டு' எண்டே பதிஞ்சு வையுங்கோ.