பொருளே இல்லாமல் விற்பனைத் திட்டமா?

பழையகணக்கு:
பக்கத்து விவாதத் திரியில் ஒரு மேதாவி, "விற்பனைத் திட்டம் முதலில், பொருள் அப்புறம். கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸ், வெறும் வீடியோவை வைத்தே 75,000 பேரைப் பிடித்தது" என்று அளந்திருக்கிறார். 2008-ல் அந்த வீடியோ வந்தபோது மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது ஐயா. திரையில் கோப்பை இழுத்துப் போட்டுக் காட்டியது என்ன, பொம்மலாட்டமா?

நள்ளிரவுப்பூனை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். காத்திருப்போர் பட்டியல் 5,000-லிருந்து ஒரே இரவில் 75,000 ஆனது. பொது வெளியீடு செப்டம்பரில்தான். வீடியோவில் டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்து ஆட்களுக்கு மட்டும் புரிகிற நக்கல்களை ஒளித்து வைத்திருந்தார்கள். யாரிடம் விற்பது என்று தெரியாமலா?

பழையகணக்கு:
வெளியிடாததும் இல்லாததும் ஒன்றா? 2007-லேயே டிராப்பாக்ஸ் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன், நிரலாளர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் செயல்விளக்க வீடியோ போட்டுவிட்டார். பொருள் இருந்தது. இருந்தது!

வண்டிக்காரன்:
நான் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிறவன். முதலாளி திரையைப் பார்க்கவே மாட்டார். "எங்க ஆடிட்டர் இதை டேலி கணக்கு மென்பொருள்ல ஏத்திக்குவாரா?" என்றுதான் கேட்பார். ஆடிட்டர் வழியாகத்தான் விற்க முடியும் என்று முதலிலேயே தெரிந்தால், எழுதுகிற மென்பொருளே வேறு மாதிரி இருக்கும்.

பழையகணக்கு:
அது இருக்கட்டும் அண்ணே. வீடியோ வந்தபோது பொருள் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் பூனையாரைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: கூகுள் விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க டிராப்பாக்ஸுக்கு 233 முதல் 388 டாலர் வரை செலவானது. சந்தாவோ 99 டாலர். கடைசியில் கைகொடுத்தது நண்பரை அழைத்து வந்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பு இடம் என்ற ஏற்பாடு. பொருள் கையில் வந்தபிறகு கண்டுபிடித்தது!

நள்ளிரவுப்பூனை:
முன்னாடியே யோசித்திருந்தால் அந்த விளம்பரக் காசு மிச்சமாகியிருக்கும். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள், நன்றி. போன வருடம் என் செயலியை "யார் கேட்டார்கள் இதை?" என்று நாலு பேர் முன்னால் கிண்டலடித்தவரும் நீங்கள்தானே? எழுதுவதற்கு முன் அதைக் கேட்பதுதான் விற்பனைத் திட்டம்.

பழையகணக்கு:
இப்போதும் கேட்கிறேன், யார் கேட்டார்கள்?

மேகலா:
சண்டையை நிறுத்துங்கள். அமெரிக்கா வரை எதற்கு? 1983-ல் சி.கே. ரங்கநாதன் கடலூரில் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாளில் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். கிராமத்தில் சின்ன பாக்கெட்தான் போகும் என்று புரிந்து செய்த வேலை அது.

பழையகணக்கு:
சின்ன பாக்கெட்டைக் கொண்டுவந்தவர் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன். குடும்பத்தில் வெல்வெட் ஷாம்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வரலாற்றை அரைகுறையாக எழுதாதீர்கள்.

மேகலா:
பாக்கெட்டை அவர் கண்டுபிடித்தார் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள் சார்.

பழையகணக்கு:
படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். வெல்வெட் பெயரை ஏன் விட்டீர்கள்?

நள்ளிரவுப்பூனை:
மேகலா, விடுங்கள். இவருக்குப் பதில் சொன்னால் நாளை ஷாம்பு நுரைக்கும் ஆதாரம் கேட்பார்.

பழையகணக்கு:
கேட்பேன். முதலில் வீடியோவுக்குப் பதில் வரட்டும்.