எஸ்.ஏ.டி. கிராமர்: கோச்சிங் இல்லாமல் வீட்டிலேயே படிக்க வழி சொல்லுங்க

பாலக்கோடு பிளஸ் டூ:
வணக்கம். வெளிநாட்டில் டிகிரி படிக்க எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். மேத்ஸ் பயமில்லை. ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் கிராமர் கேள்விகளில்தான் மார்க் போகிறது. கமா, செமிகோலன், இஸ், ஆர் எல்லாம் காதுக்குச் சரியாகப் பட்டதைப் போட்டால் தப்பாகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஓசூர் இங்கிலீஷ் வாத்தியார்:
காதை நம்புவதை முதலில் விடு தம்பி. கேள்வியே காதை ஏமாற்றுகிற மாதிரிதான் அமைந்திருக்கும். ரீடிங் அண்ட் ரைட்டிங்கின் 54 கேள்வியில் கிராமர் 11 முதல் 15 வரைதான். திரும்பத் திரும்ப வரும் விதிகளும் கொஞ்சம்தான்.

"தி க்வாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஃப்ரம் கிருஷ்ணகிரி" என்று தொடங்கி இஸ்ஸா ஆரா என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் மேங்கோஸைப் பார்த்து ஆர் போடத் தோன்றும். எழுவாய் க்வாலிட்டி. 'ஆஃப்' முதல் 'கிருஷ்ணகிரி' வரை விரலால் மறைத்துவிட்டுப் படி, விடை இஸ். "மாம்பழங்கள் வந்தது" என்றே பேசிப் பழகிய நமக்கு ஒருமை பன்மை தானாக உறைக்காது. ஒவ்வொரு முறையும் எழுவாயைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அடுத்து நிறுத்தக்குறி. கோடிட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகப் படி. இரண்டுமே முழு வாக்கியமாக நின்றால் வெறும் கமா போதாது. முற்றுப்புள்ளி, செமிகோலன், இல்லையென்றால் கமாவுடன் அண்ட் அல்லது பட். 'ஹவ்எவர்' பட் மாதிரி இணைக்காது. அதற்கு முன்னால் கமா மட்டும் போட்டு இரண்டு வாக்கியத்தை ஒட்ட முடியாது. கோலனுக்கு இடப்பக்கம் கட்டாயம் முழு வாக்கியம் வேண்டும்.

காவேரிப்பட்டணம்:
சார் சொன்னதோடு இன்னொன்று. "ஓசூர் போகும்போது மழை பிடித்துக்கொண்டது" என்பது தமிழில் சரி. அதையே "கோயிங் டு ஓசூர், தி ரெயின் ஸ்டார்டட்" என்று எழுதினால் ஓசூருக்குப் போவது மழை என்று ஆகிவிடும். இந்த வகைக் கேள்வியில் நான்கு விடையையும் முழுசாகப் படிக்க வேண்டாம். கமாவுக்கு அடுத்து வரும் முதல் பெயர்ச்சொல் அந்த வேலையைச் செய்தவரா என்று மட்டும் பாருங்க தம்பி.

பயிற்சிக்கு, எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டின் ஆன்லைன் கேள்வி வங்கி இலவசம். அதில் கிராமர் பிரிவான 'ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ் கன்வென்ஷன்ஸ்' தேர்ந்தெடுத்து, முதலில் 'பவுண்டரீஸ்' (சார் சொன்ன நிறுத்தக்குறிக் கேள்விகள்) மட்டும் 20 கேள்வி போடுங்க. விடை சரியானாலும் எந்த விதி என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லையா, அது குருட்டாம்போக்கில் வந்த விடை. தேர்வு எழுதும் செயலியான புளூபுக்கின் மாதிரித் தேர்வில் உள்ள கேள்விகளை அந்த வங்கியிலேயே விலக்கி வைக்கலாம். விலக்காவிட்டால் பார்த்த கேள்வியே மறுபடி வந்து, மாதிரித் தேர்வு மார்க் பொய்யாக ஏறும். புளூபுக்குக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ வேண்டும், போனில் ஓடாது.

பாலக்கோடு பிளஸ் டூ:
ரொம்ப நன்றி சார், நன்றிங்க. எனக்கு டைமும் பத்துவதில்லை. கிராமர் வருவதற்குள் அவசரமாகிவிடுகிறது.

ஓசூர் இங்கிலீஷ் வாத்தியார்:
அந்த 54 கேள்வியும் மாட்யூல் என்று இரண்டு பகுதியாக வரும். ஒரு மாட்யூலுக்கு 27 கேள்வி, 32 நிமிஷம். கிராமர் கேள்விகள் ரீடிங் முடிந்து பின்பாதியில் சேர்ந்தாற்போல் வரும். நேராக அங்கே போய், ஒன்றுக்கு 40 விநாடி என்று முடித்துவிட்டு ரீடிங்குக்குத் திரும்பு. அதே மாட்யூலுக்குள் முன்னே பின்னே போகலாம். அது முடிந்துவிட்டால் திரும்ப முடியாது. நெகடிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதே.